கோடைக்கு இரைமீன் காத்து வைப்பது

காவிரிக் கடைமடைப் பக்கம் விராலுக்குத் தூண்டில் போட நல்ல காலம் மாசி முதல் வைகாசி வரை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய கொஞ்ச நாளிலேயே வாய்க்கால்கள் வற்ற ஆரம்பிக்கும். மிஞ்சும் தண்ணீர் குளங்களிலும் ஆற்றுப் பள்ளங்களிலும் ஒடுங்கும், விராலும் அங்கேயே ஒடுங்கும். அதைத் தேடிப் போகிறவனுக்குத் தொல்லை என்னவென்றால், சரியாக அந்த மாதங்களில்தான் இரைக்குப் பொடிமீன் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மடைக்கு மடை துள்ளிக்கொண்டிருந்த பொடிக்கெண்டை பங்குனியில் மருந்துக்கும் இருக்காது. அணைத் திறப்பும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இல்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள், 2024-ல் ஜூலைக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே தண்ணீர் ஓடும்போதே இரைமீனைப் பிடித்து வீட்டில் காத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

இதில் எனக்குப் பாடம் சொன்னவர் என் பெரியப்பா. மீன் விட்டு வைக்கும் சிமென்ட் உறைக்குப் பக்கத்தில் நின்று மீனையே பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்காது. "மீனை என்னடா பார்க்கிறே, தண்ணியை ஒரு கை அள்ளி மோந்து பாரு" என்பார். பல வருஷம் மீன் வைத்துப் பார்த்த பிறகு நானும் அதையேதான் சொல்கிறேன். இரைமீன் பட்டினியால் செத்து நான் பார்த்ததில்லை. நெருக்கத்தாலும், கைபட்ட காயத்தாலும், தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகியதாலும்தான் சாகிறது. மூன்றுமே நாம் செய்கிற காரியம்.

முதலில் எந்த மீன் என்பதைப் பார்ப்போம். விரால் இரைக்கு நான் வைத்துக்கொள்வது வாலடியில் கரும்புள்ளி உள்ள பொடிக்கெண்டையும் அயிரையும்தான். கெண்டை தண்ணீரில் பளிச்சென்று தெரியும், முள்ளில் மாட்டினாலும் நன்றாக நீந்தும். ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். அயிரை தாக்குப்பிடிக்கும் சாதி. காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் மூச்சு வாங்கும் என்பதால் மட்டமான தண்ணீரிலும் கிடக்கும். கெளுத்திக் குஞ்சை நான் சேர்ப்பதில்லை. அதன் முள் மற்ற மீனையும் கிழிக்கும், என் விரலையும் கிழிக்கும். உளுவையையும் குறவைக் குஞ்சையும் கெண்டையோடு போட்டால் காலையில் கெண்டை குறைந்திருக்கும், உளுவையின் வயிறு பெருத்திருக்கும். ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும், ஆனாலும் நான் அதைத் தொடுவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மீனின் ஆயுள் பிடிக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. வீச்சு வலையில் விழுந்த கெண்டை அன்றைக்கு நன்றாகத்தான் நீந்தும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் முதுகில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். வலைக் கண்ணில் உரசிச் செதிள் போன இடம் அது. மீனின் உடம்பில் வழுவழுப்பாக இருக்கிற பூச்சுதான் அதற்குக் காப்பு. அது வழிந்துபோன இடத்தில் பூஞ்சை ஏறும். அதனால் நான் பாட்டில் பொறிதான் வைக்கிறேன். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, சுற்றிலும் ஓட்டை போட்டு, கொஞ்சம் தவிட்டையும் சோற்றையும் பிசைந்து உள்ளே வைத்து, மடையோரம் கல் கட்டி அமிழ்த்திவிடுவேன். அரை மணியில் வேண்டிய மீன் உள்ளே வந்துவிடும், ஒரு செதில்கூடப் போகாது. பொறியை ரொம்ப நேரம் விட்டுவைக்கக் கூடாது, உள்ளே நெருக்கம் கூடினால் அங்கேயே தொல்லை. கொசுவலைத் துணி போட்டு வாரினால் நூலளவு குஞ்சு முதற்கொண்டு எல்லாம் வந்துவிடும். அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்து அள்ளுகிற வேலை அது, வேண்டாம்.

கையால் தொட்டே ஆகவேண்டும் என்றால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். வெயிலில் காய்ந்த கை மீனுக்குச் சுடும், பூச்சையும் உரித்துவிடும். மீன்தொட்டிக் கடையில் விற்கிற மெல்லிய சின்ன வலை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கை போடும் தேவையே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும். நன்றாகக் கழுவி, வாசனை போகும்வரை வெயிலில் காயவைத்தது. அதில் முக்கால் அளவுக்குத் தண்ணீர், விரல் நீளக் கெண்டை என்றால் முப்பதுக்கு மேல் போடுவதில்லை. பிடிப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை நிற்பது 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்சிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிற அந்த நேரத்தில் வாளியை மோட்டார் சைக்கிளில் வெயிலில் கட்டிக்கொண்டு வந்தால் எப்படி? பேட்டரி ஏர் பம்ப் ஒன்று மாட்டினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இல்லாதவர்கள் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியைத் திறக்காமல் வாளிக்குள் போடலாம். ஐஸை நேராகக் கொட்டக் கூடாது, சட்டென்று குளிர்ந்தாலும் மீன் துவண்டுவிடும்.

வந்ததும் மீனை நேராக உறையில் கொட்டுவதில்லை. ஒரு மக் உறைத் தண்ணீரை வாளியில் ஊற்றுவேன், சற்றுப் பொறுத்து இன்னொரு மக். இப்படி அரை மணி நேரம். அப்புறம் வலையால் மீனை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு டப்பில் விடுவேன். வாளித் தண்ணீரை உறையில் சேர்ப்பதே இல்லை. டப்பில் லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் கல்லுப்பு. 15 லிட்டர் தண்ணீருக்கு 45 கிராம். அதைத் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். காயம்பட்ட மீனின் உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். வெளியே கொஞ்சம் உப்பு இருந்தால் அந்தப் பாடு குறைகிறது. பூஞ்சைக்கும் அந்த உப்பு ஆகாது. அயிரைக்கு மட்டும் பாதி அளவோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டு மூன்று நாள் டப்பில் இருக்கட்டும். முதல் நாள் தீனி கிடையாது. எந்த மீன் சாகப் போகிறது, எது பிழைக்கும் என்று இந்த நாட்களில் தெரிந்துவிடும். செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும், மற்றது கொத்தித் தின்னட்டும் என்று விடக் கூடாது.

இனி உறைக்கு வருவோம். எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது கிணற்றுக்கு இறக்குகிற சிமென்ட் உறை, அடியில் தளம் போட்டு அடைத்தது. 4 அடி விட்டம், ஒன்றரை அடித் தண்ணீர். 500 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆழம் குறைந்து அகலம் கூடியிருப்பது நல்லது, காற்று தண்ணீரில் கலப்பது மேல்பரப்பு வழியாகத்தான். அதே 500 லிட்டரை உயரமான பேரலில் வைத்தால் இவ்வளவு மீன் தாங்காது. புது உறை என்றால் அவசரப்படக் கூடாது. சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கித் தண்ணீரைக் காரமாக்கும். இரண்டு மூன்று வாரம் நிரப்பி நிரப்பி இறைக்க வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அலங்கார மீன் வளர்க்கிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். அவசரம் என்றால் மீன் கடையில் விற்கிற தயோசல்பேட் சில சொட்டுப் போதும். போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை, அதனால் அது மீனுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு, கரியமில வாயு அதிகம், சில இடங்களில் இரும்பும் உண்டு. பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் செம்மண் நிறத்தில் படிகிறது அல்லவா, அதே படிவு மீனின் செவுளிலும் படியும். எங்கள் மோட்டார் தண்ணீரை நான் உயரத்திலிருந்து சல்லடை வழியாகக் கொட்டி, ஒரு நாள் தெளியவைத்து, மேலே உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி அமோனியா. மீன் தின்றதில் வருகிற கழிவை முக்கியமாகச் செவுள் வழியே அமோனியாவாகத்தான் தண்ணீரில் விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதே அமோனியா. தண்ணீர் நடுநிலையில், அதாவது பிஹெச் 7-ல் இருந்தால் நம் ஊர் வெப்பத்தில் அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு 100-ல் ஒன்றுக்கும் குறைவு. பிஹெச் 8-க்கு ஏறினால் 100-ல் 7 பங்கு போல ஆகிவிடும். 9 என்றால் பாதியை நெருங்கும். அமோனியா அதே அளவுதான், தண்ணீரின் காரம் கூடியதால் மட்டும் மீன் சாகிறது. வெயிலில் பச்சையாகிக் கிடக்கும் தொட்டியில் பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிற்பகலில் பிஹெச் ஏறும். காலையில் நன்றாக இருந்த மீன் மூன்று மணிக்குச் சுழன்று சுழன்று விழுவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு வைத்தியம் நுண்ணுயிரிகள்தான். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை. இந்த நுண்ணுயிரிகள் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் அடியில் போட்ட கூழாங்கல்லிலும் குடியேறி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால் உறையைப் புரட்டாசியிலேயே தயார் செய்து, நாலைந்து மீனை மட்டும் விட்டு ஓட்டிக்கொண்டிருப்பேன். பெரிய கூட்டம் தை மாதத்தில் வரும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் குடியேறியவை எல்லாம் செத்துப்போகும். உறைத் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து அதில் பிழிந்து போட்டால் போதும். வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீரை மாற்றுகிறேன். எடுத்த தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகிறது, மரங்கள் அதை விரும்புகின்றன. மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றிப் பளிச்சென்று வைக்க நினைப்பவர்களுக்குத்தான் மீன் அதிகம் சாகிறது.

அமோனியா பார்க்கும் கிட் மீன் கடைகளில் கிடைக்கிறது, வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டாலும் பெரியப்பா சொன்ன மூக்கு இருக்கிறது. நல்ல தண்ணீரில் ஈரமண் வாசனைதான் வரும். புளித்த வாடையோ முட்டை வாடையோ வந்தால் அன்றைக்குத் தீனியை நிறுத்தி, கால் பங்கு தண்ணீரை மாற்றி, அடியில் கிடக்கும் கசடைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மீனைப் பார்க்க வேண்டிய நேரம் விடிகாலை ஐந்து மணி. பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜன் தருகின்றன, இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. விடியும் வேளையில் தண்ணீர் மிகவும் வறண்டு நிற்கும், அதாவது ஆக்சிஜனில். டார்ச் அடித்துப் பார்த்தால் கெண்டைகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தால் ஆபத்து. உடனே பம்பை அதிகமாக்கி, மக்கால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொடுக்க வேண்டும். அயிரை மேலே வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு கீழே போவது வேறு, அது அதன் இயல்பு. விராலும் குறவையும் பனையேறிக் கெண்டையும் அப்படியே. இவற்றை வாய் வரை தண்ணீர் நிரப்பி இறுக மூடிய டப்பாவில் வைத்தால், தண்ணீரில் இருக்கும் மீனே மூச்சடைத்துச் சாகும். மேலே நாலு விரல் இடம் விட வேண்டும்.

மின்வெட்டுக்குப் பயந்து எல்லோரும் பேட்டரி பம்ப் வாங்குகிறார்கள். வாங்கட்டும், ஆனால் எனக்கு நம்பிக்கை மீனைக் குறைவாக வைப்பதில்தான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்னையும் கூரையும் போய், குடிக்கத் தண்ணீருக்கு அலைந்த நாட்கள் அவை. இரைமீனை யார் நினைத்தார்கள். உறையில் விழுந்த கீற்றை அப்பா எடுத்துப் போட்டார், அவ்வளவுதான். பம்பும் ஓடவில்லை, தீனியும் போடவில்லை. ஒரு வழியாகக் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தபோது மீன்களில் பெரும்பங்கு உயிரோடு இருந்தது. அப்போது உறையில் இருந்தது கொஞ்சம் மீன்தான், தண்ணீர்ப்பரப்பு அகலம், மழைக்குளிர் வேறு. இந்த மூன்றும் பம்பின் வேலையைச் செய்துவிட்டன. அதற்குப் பிறகு, பம்ப் நின்றாலும் ஓர் இரவு தாங்கும் அளவுக்கு மேல் நான் மீன் சேர்ப்பதில்லை. விரல் நீளக் கெண்டை என்றால் என் உறைக்கு நூறு.

தீனி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. பொடிக் குருணைத் தீவனம் ஒரு சிட்டிகை, இல்லாவிட்டால் நறுக்கிய மண்புழு. கொசுப்புழு கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் குளத்துக்கு ஆகும், உறைக்கு ஆகாது, தண்ணீரைச் சீக்கிரம் கெடுத்துவிடும். மேகமூட்டமாக, குளிராக இருக்கிற நாளில் போடவே வேண்டாம்.

உறைக்கு மேலே பாதிக்குத் தென்னங்கீற்று நிழல், முழுக்க ஒரு வலை. கெண்டை இரவில் துள்ளும், முதல் மழைத் துளிக்கு இன்னும் அதிகமாகத் துள்ளும். கொக்கு, மீன்கொத்தி, பூனை, தண்ணீர்ப்பாம்பு எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். வேப்பமரத்தடியில் வைத்தால் நிழல் கிடைக்கும், இலை உதிர்ந்து அழுகும். கீற்றே மேல்.

தூண்டிலுக்குப் போகும் முந்தின நாள் தீனி கிடையாது. வயிறு காலியாக இருக்கும் மீன் வாளித் தண்ணீரைக் கெடுக்காது, வழியில் தாங்கும். இந்த ஒன்றைச் செய்தாலே வழியில் சாவது வெகுவாகக் குறையும். தெர்மாகோல் பெட்டியில் உறைத் தண்ணீரோடு வேண்டியதை மட்டும் எடுத்துப்போவேன். கரையில் பெட்டியை நிழலில் வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிடலாம். குளத்துத் தண்ணீரை அதில் ஊற்றுவதில்லை. மாற்றுத் தண்ணீர் ஒரு கேனில் வீட்டிலிருந்தே வரும். முள்ளில் கோர்ப்பது மேலுதட்டில், அல்லது முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால் தோலோடு சேர்த்து. முதுகெலும்பில் பட்டால் அந்த நிமிஷமே ஆட்டம் நின்றுவிடும். களைத்த மீனைத் திரும்பத் திரும்ப வீசாமல் கழற்றிவிட்டு வேறு மாற்ற வேண்டும். இரைதானே என்று அதை நோகடிக்க எனக்கு மனம் வருவதில்லை, நோகடித்த இரைக்கு விராலும் வருவதில்லை.

குளத்தை ஏலம் எடுத்தவர் இருந்தால் கேட்டுக்கொண்டுதான் தூண்டில் போட வேண்டும். செந்நிறத்தில் பார்ப்புக் கூட்டம், அதாவது விரால் குஞ்சுகள், மேய்ந்து, அடியில் பெரிய விரால் காவல் நிற்கிற இடத்தில் இரையை இறக்கவே கூடாது. காவல் போனால் அத்தனை பார்ப்பும் போகும்.

மிச்சம் வருகிற இரைமீன் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். "உயிரோட இருக்கே, பாவம், குளத்திலேயே விட்டுடுங்களேன் அண்ணே" என்று கூட வருகிற தம்பிகள் சொல்வார்கள். நல்ல மனசுதான், ஆனால் விடக் கூடாது. நம் நீர்நிலைகளில் ஜிலேபிக் கெண்டையும், 2000-ல் அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும், தொட்டி சுத்தம் செய்ய என்று விற்ற சக்கர் மீனும் பெருகியிருக்கின்றன. வளர்த்தவர்களும் விற்றவர்களும் தப்பவிட்டதும் கொண்டுபோய் விட்டதும்தான் காரணம். ஜிலேபிக் குஞ்சை நான் இரையாகவே வைக்காததும் அதனால்தான். முள்ளிலிருந்து நழுவினாலும் அது பிழைத்து, அந்தக் குளத்திலேயே குடும்பம் நடத்தும்.

நோயும் இப்படித்தான் பரவுகிறது. விரால் உடம்பில் சிவந்து குழிந்த புண் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற ஓர் உயிரியால் வருவது அது. இந்தியாவுக்குள் 1988 வாக்கில் வடகிழக்குப் பக்கமாக வந்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மழை ஓய்ந்து குளிர் இறங்கும் மாதங்களில் அதிகமாக வரும், விராலையும் கெண்டையையும் முதலில் பிடிக்கும். ஒரு வாய்க்காலில் பிடித்த மீனையோ, அதை வைத்திருந்த தண்ணீரையோ, இன்னொரு ஊர்க் குளத்தில் கொட்டினால் புண்ணையும் சேர்த்துக் கொட்டியதாகிவிடும்.

ஆகவே மிச்ச மீன் திரும்ப வீட்டுக்கே வரும். வந்ததும் நேராக உறைக்குப் போகாது, உப்புத் தண்ணீர் டப்பில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் போகும். செத்ததை வாழையடியில் புதைக்கிறேன். பெட்டித் தண்ணீரைக் கரையில், குளத்துக்கு வழியாத தூரத்தில் காய்ந்த தரையில் ஊற்றிவிடுவேன். கை வலையையும் பாட்டில் பொறியையும் அடுத்த நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டு, மொறமொறவென்று ஆன பிறகே அடுத்த வாய்க்காலுக்கு எடுக்கிறேன்.